வியன்னாவின் நாற்காலியும் வெள்ளிக் கூடையும்

மும்பையின் பழைய இரானி ஓட்டல்களில் தேநீர் அருந்திய நண்பர்கள் அந்த நாற்காலியை அறிவார்கள். மெருகிட்ட கறுப்பு மரம்; வில் போல் வளைந்த முதுகு; அந்த வில்லுக்குள் இன்னொரு சிறு வில்; வட்டமான இருக்கை. ஒரு கையால் தூக்கி அடுத்த மேசைக்குக் கொண்டு போய்விடலாம். அந்தக் குலத்தின் முதல்வன் 1859-ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசில் பிறந்தவன். அவனுக்குப் பெயர் இல்லை; எண்தான் உண்டு. பதினான்காம் எண் நாற்காலி என்பார்கள்.

அதே வியன்னாவில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு பொருள் செய்யப்பட்டது. சதுரம் சதுரமாகத் துளையிட்ட வெள்ளிக் கூடை. மலர் வைக்கவும் பழம் வைக்கவும் ஆனது. வரைந்தவர் யோசப் ஹாப்மன் என்னும் சிற்பக் கட்டடக் கலைஞர். இன்று அவ்வகைக் கூடைகள் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன.

இரண்டும் அழகானவை. இரண்டிலும் ஒட்டுவேலை, பூவேலை எதுவும் இல்லை. கூடையைச் செய்தவர்கள், அன்றாட வாழ்வின் பொருள்கள் அனைத்தும் அழகு பெற வேண்டும் என்று கொடி தூக்கிய கலைஞர்கள். நாற்காலியைச் செய்தவரோ அப்படி எதையும் முழங்காத ஒரு தச்சர். ஆயினும் அன்றாட மனிதரிடம் வந்து சேர்ந்தது நாற்காலி. கூடை செல்வர் வீட்டு மேசையை விட்டு இறங்கவே இல்லை. இது ஏன் இப்படி நேர்ந்தது?

பௌதிகம் படிப்பவனுக்குக் கலை வரலாற்றில் என்ன வேலை என்று மலர்க் குழுவில் ஒருவர் கேட்டார். விடையில் பாதி மரத்தின் இயல்பில் அடங்கியிருக்கிறது என்றேன். அனுமதி கிடைத்தது.

இரவல் உடை

1857-இல் பேரரசர் பிரான்ஸ் யோசப், வியன்னாவைச் சுற்றி நின்ற கோட்டைச் சுவர்களை இடிக்குமாறு ஆணையிட்டார். அந்த இடத்தில் அகன்றதொரு வட்டச் சாலை எழுந்தது. 1865-இல் அதைத் திறந்து வைத்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் சாலையின் ஓரமெங்கும் மாளிகைகள் முளைத்தன. பாராளுமன்றம் கிரேக்கக் கோயில் போல் இருந்தது. நகர மண்டபம் இடைக்காலத்துக் கோதிக் பாணியில் கோபுரம் உயர்த்தி நின்றது. பல்கலைக்கழகம் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து அரண்மனை வடிவம் கொண்டது. தனித்தனியே பார்த்தால் யாவும் திறமையான வேலைதான். சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டடமும் வேறொரு நூற்றாண்டின் உடையை இரவல் வாங்கி அணிந்துகொண்டு விழாவுக்கு வந்தது போல் இருக்கும்.

மாளிகைகளுக்குத்தான் இந்த நோய் என்றால் போகட்டும் எனலாம். வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. இயந்திரத்தால் அச்சிட்ட தகரம், வெள்ளிச் செதுக்கு வேலையாக நடித்தது. சிமெண்டு வார்ப்புகள் கல் சிற்பமாக நடித்துக்கொண்டு வாடகை வீடுகளின் முகப்பில் ஒட்டிக்கொண்டன. நடுத்தரக் குடும்பம் பிரபுவின் வீட்டைப் போலத் தோன்ற ஆசைப்பட்டது. இயந்திரம் அந்த ஆசைக்கு மலிவு விலையில் தீனி போட்டது.

இதைக் கண்டு கவலைப்பட்டவர்கள் இல்லாமற் போகவில்லை. லண்டன் சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கலைக்கும் தொழிலுக்குமான அருங்காட்சியகம் ஒன்று வியன்னாவில் 1864-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதை ஒட்டியே கலைத்தொழிற் பள்ளியும் தோன்றியது. நல்ல பழம்பொருள்களைக் கண்டால் தொழிலாளியின் கண் பண்படும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் பிழை இல்லை. ஆனால் மாணவர்கள் பழம்பொருள்களைப் பார்த்துப் பார்த்து அவற்றையே நகலெடுக்கலாயினர். மருந்தே நோயை வளர்த்த கதையாயிற்று.

பிரிந்து சென்றவர்கள்

1897 ஏப்ரலில் குஸ்தாவ் கிளிம்ட் என்னும் ஓவியரைத் தலைவராகக் கொண்டு சில கலைஞர்கள் தனிச்சங்கம் அமைத்தனர். நகரின் பழைய கலைஞர் சங்கத்தை விட்டும் வெளியேறினர். செசெஷன் என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். பிரிந்து போதல் என்பதே அதன் பொருள். யோசப் ஹாப்மன், கொலொமன் மோசர், யோசப் ஓல்பிரிக் ஆகியோர் அதில் இருந்த இளைஞர்கள். இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயது. நம்மிலும் சில ஆண்டே மூத்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

மறு ஆண்டிலேயே ஓல்பிரிக் வரைந்த கண்காட்சி மண்டபம் எழுந்தது. வெள்ளைச் சுவர்கள், உச்சியில் பொன் முலாம் பூசிய இலைகளால் பின்னிய உருண்டை. நகரத்தார் அதைப் பொன் முட்டைக்கோசு என்று கேலி செய்தனர். கட்டடச் செலவுக்குப் பெருந்தொகை தந்தவர் கார்ல் விட்கன்ஸ்டைன் என்ற எஃகு ஆலை அதிபர். தத்துவஞானி விட்கன்ஸ்டைனின் தந்தை. புதுக்கலையின் அடிக்கல்லில் எஃகுப் பணம் இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இவர்களுடைய கொள்கையில் ஒரு பகுதி இன்றும் புதிதாகவே ஒலிக்கிறது. ஓவியம் உயர்ந்தது, கரண்டி தாழ்ந்தது என்னும் வேறுபாடு கூடாது. உயர்கலை, சிறுகலை என்ற சாதிப் பிரிவு ஒழிய வேண்டும் என்றனர். 1900-இல் நடந்த அவர்களது எட்டாவது கண்காட்சி இதற்காகவே அமைந்தது போன்றது. ஸ்காட்லாந்திலிருந்து மாக்கின்டோஷ் தம்பதிகளின் நாற்காலிகளும், இங்கிலாந்திலிருந்து ஆஷ்பி என்பார் நடத்திய கைவினைஞர் குழுவின் வெள்ளிப் பாத்திரங்களும் ஓவியங்களுக்கு நிகராக இடம் பெற்றன.

அந்த ஆஷ்பியின் பெயர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. கொழும்பில் பிறந்தவரும் முத்துக்குமாரசுவாமி என்னும் தமிழரின் மைந்தருமான ஆனந்த குமாரசுவாமி, இங்கிலாந்தில் ஆஷ்பியின் குழு இருந்த ஊருக்கு அருகிலேயே வாழ்ந்தவர். இலங்கையின் இடைக்காலக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல் ஆஷ்பியின் அச்சகத்தின் பெயரிலேயே வெளிவந்தது. இந்தியக் கைவினைஞர் பற்றி அவர் 1909-இல் வெளியிட்ட நூலுக்கு ஆஷ்பி முன்னுரை எழுதினார். ஒரே ஊற்றிலிருந்து ஒரு கால்வாய் வியன்னாவுக்கும் மற்றொன்று நம் பக்கமும் ஓடியது எனலாம்.

பட்டறை

1903-இல் ஹாப்மனும் மோசரும் கைவினைப் பட்டறை ஒன்றைத் தொடங்கினர். இருவரும் கலைத்தொழிற் பள்ளியில் ஆசிரியர்கள். பணம் கொடுத்தவர் பிரிட்ஸ் வேர்ண்டார்பர். நெசவாலைக் குடும்பத்தில் பிறந்தவர், கலைப்பொருள்மீது தீராக் காதல் கொண்டவர். வியன்னாப் பட்டறை என்பதே அதன் பெயர். வெள்ளி வேலை, உலோக வேலை, புத்தகக் கட்டு, தோல் வேலை, தச்சு என்று தனித்தனிக் கூடங்கள் அமைந்தன. இரண்டே ஆண்டில் ஏறத்தாழ நூறு பேர் அங்கே வேலை செய்தனர்.

1905-இல் பட்டறை வெளியிட்ட கொள்கை அறிக்கையில் நான் பலமுறை நின்று சிந்தித்த இடம் ஒன்று உண்டு. மலிவில் மற்றவரோடு போட்டியிட எங்களால் இயலாது, விரும்பவும் மாட்டோம். ஏனெனில் மலிவு என்பது முதலில் தொழிலாளியின் செலவில்தான் கிடைக்கிறது என்னும் கருத்தை அங்கே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அவனுக்கு வேலையில் மகிழ்ச்சியும் மனிதனுக்குரிய வாழ்வும் கிடைக்கச் செய்வதே தங்கள் கடமை என்கிறார்கள். இதைச் சொல்லளவில் விட்டுவிடவும் இல்லை. பட்டறையின் வெள்ளிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிறு முத்திரைகள் இருக்கும். ஒன்று பட்டறையுடையது. ஒன்று வரைந்த கலைஞருடையது. இன்னொன்று, தட்டிச் செய்த தொழிலாளியின் பெயரெழுத்து! கலைஞனின் கையொப்பம் நமக்குப் பழகியது. அதன் பக்கத்திலேயே கொல்லனின் கையொப்பத்தையும் பதித்த முதலாளிகள் எத்தனை பேர்?

செய்த பொருள்கள் எப்படி இருந்தன? தொடக்க ஆண்டுகளில் நேர்கோடும் சதுரமுமே ஆட்சி செய்தன. ஹாப்மனுக்குச் சதுர ஹாப்மன் என்றே பட்டப் பெயர் விழுந்தது. கத்தியும் கரண்டியும் தட்டையான எளிய பட்டைகளாயின. கறுப்பும் வெள்ளையும் அவர்களுக்கு மிகவும் பிடித்த வண்ணங்கள். இவற்றுள் எனக்கு மிக விருப்பமானவை துளைத் தகட்டுக் கூடைகள். ஆலையில் இயந்திரம் சதுரத் துளையிட்டுத் தரும் இரும்புத் தகட்டை எடுத்து, வளைத்து, கூடையாகவும் மலர்த் தொட்டியாகவும் ஆக்கி, வெள்ளை வண்ணம் பூசினார்கள். இயந்திரம் செய்ததை இயந்திரம் செய்ததாகவே காட்டிய நேர்மையான பொருள். தகரம் வெள்ளியாக நடித்த ஊரில் இது பெரிய காரியம்.

ஆனால் அதே சதுர வடிவத்தை வெள்ளியிலும் செய்தார்கள். அங்கேதான் கதை திரும்புகிறது.

யாருக்காக?

நல்ல பொருள், நல்ல கூலி, நிதானமான வேலை. மூன்றையும் கூட்டினால் வரும் விலையைக் கொடுக்கக் கூடியவர் யார்? வியன்னாவின் ஆலை அதிபர்களும் வங்கிக்காரர்களும் அவர்களைச் சூழ்ந்த சிறு வட்டமுமே. அவர்களிலும் பலர் ஒருவருக்கொருவர் உறவினர், நண்பர். ஓர் ஊருக்குள் ஒரு தெரு என்று சொல்லலாம்.

1904, 1905-இல் வியன்னாவை அடுத்த புர்க்கர்ஸ்டார்பில் செல்வர்களுக்கான நலவாழ்வு விடுதி ஒன்றை ஹாப்மன் கட்டினார். தட்டைக் கூரையும் வெள்ளைச் சுவருமாக, இருபது ஆண்டு முன்கூட்டியே பிறந்துவிட்ட கட்டடம். பிறகு பெல்ஜியத்துச் செல்வர் ஸ்டோக்லே, பிரஸ்ஸல்ஸ் நகரில் தமக்கு ஒரு மாளிகை கட்டித் தரச் சொன்னார். 1905-இல் தொடங்கிய வேலை 1911 வரை நீண்டது. கரண்டி முதல் தோட்டம் வரை அனைத்தும் பட்டறையின் வேலை. உணவுக் கூடத்தின் சுவர்களில் கிளிம்ட் வரைந்த சித்திரம் பளிங்கிலும் பொன்னிலும் மணிக்கற்களிலும் பதிக்கப்பட்டது. 2009-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அன்றாட வாழ்வுக்கு அழகு என்று புறப்பட்ட பட்டறையின் தலைசிறந்த படைப்பு, ஒரே ஒரு குடும்பத்தின் உணவறையில் முடிந்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அவர்கள் கொண்ட கொள்கையே அவர்களை அங்கே கொண்டு போய் நிறுத்தியது.

கணக்கேடும் ஒத்துழைக்கவில்லை. பண விவகாரத்தில் மனம் கசந்து மோசர் 1907-இல் விலகினார். வேர்ண்டார்பர் தம் செல்வம் முழுவதையும் பட்டறையில் கரைத்துவிட்டு 1914-இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். தொழிலாளியை இழக்கச் செய்யாத பட்டறை, முதலாளியைத் தின்று வாழ்ந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. பட்டறை அஞ்சல் அட்டைகளும் வெளியிட்டது. எண்ணிடப்பட்டவை ஆயிரத்தை நெருங்கும். கோகோஷ்காவும் ஷீலெயும் இளைஞர்களாக இருந்தபோது அவற்றில் சில வரைந்தார்கள். வெள்ளிக் கூடை வாங்க முடியாதவரும் ஓர் அட்டை வாங்கித் தங்கைக்கு அனுப்பியிருக்கலாம்.

எதிர்க்கட்சி

அடால்ப் லூஸ் என்பவர் ஹாப்மனுக்கு ஐந்து நாள் மூத்தவர். இருவரும் 1870 டிசம்பரில், இன்று செக் குடியரசில் உள்ள மொராவியாவில் பிறந்தவர்கள். வாழ்நாள் முழுதும் பகைவர்கள். தொடக்கத்தில் லூசும் செசெஷன் பத்திரிகையில் எழுதியவர்தான். வட்டச் சாலை மாளிகைகளைப் பொய் முகப்பு நகரம் என்று 1898-இல் அவர் சாடியது அதில்தான். பின்னர் அவருடைய சவுக்கு செசெஷன்காரர்கள் மீதே திரும்பியது.

1900-இல் அவர் எழுதிய கதை ஒன்று உண்டு. செல்வர் ஒருவர் தம் வீட்டை முழுவதும் கலையாக்கும்படி ஒரு கலைஞரை அழைக்கிறார். கலைஞர் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கிறார், காலணி உட்பட. ஒருநாள் படுக்கையறைக்கென வரைந்த காலணியோடு செல்வர் வேறு அறைக்கு வந்துவிட, கலைஞருக்குக் கோபம் பொங்குகிறது! பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசைக்கூட அவர் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வீடுதான் முற்றுப் பெற்றுவிட்டதே. படித்துச் சிரித்தேன். விடுதி அறையில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு நின்றவர்களுக்கு அந்தச் செல்வரின் துயரம் நன்கு புரியும்.

அலங்காரமும் குற்றமும் பற்றி லூஸ் 1910-இல் வியன்னாவில் ஆற்றிய சொற்பொழிவுதான் பெரும் புகழ் பெற்றது. பயன்படும் பொருளில் அலங்காரம் என்பது வீணாக்கிய உழைப்பு, வீணாக்கிய பொருள் என்பது அவர் வாதம். அலங்காரம் நீங்கினால் தொழிலாளி குறைந்த நேரம் உழைத்து நிறைந்த கூலி பெறலாம் என்றார். இந்தப் பொருளாதாரம் கவனிக்கத் தக்கது. ஆனால் அதற்கு முன்னுரையாக, பச்சை குத்திக்கொள்ளும் பாப்புவா மக்களை மனித வளர்ச்சியின் கீழ்ப்படியில் நிறுத்தி, அலங்காரம் அத்தகையோர்க்கே உரியது என்று தொடங்கினாரே, அதை ஏற்க முடியாது. அந்தப் படிக்கட்டின் உச்சியில் தன்னையே வைத்துக்கொண்டு எழுதும் ஐரோப்பியரை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

அதே சொற்பொழிவில் லூஸ் தம்மையே மறுத்துக்கொள்ளும் இடம் ஒன்றும் இருக்கிறது. தம் செருப்புத் தைப்பவரைப் பற்றிச் சொல்கிறார். அவர் செருப்பின் ஓரத்தில் சிறு துளைகளும் வளைவுகளும் வைத்துத் தைப்பார். அவை வேண்டாம் என்று தடுத்தால் அந்த மனிதரின் வேலையிலுள்ள ஒரே மகிழ்ச்சியைப் பறித்ததாகும். ஆகவே அப்படியே அணிகிறேன் என்கிறார். வேலையில் மகிழ்ச்சி! பகைவரின் பட்டறை கேட்டதும் அதைத்தானே?

மரம் சொன்ன விடை

இனி நாற்காலிக்கு வருவோம். மைக்கேல் தோனெட் ஜெர்மானியத் தச்சர். 1842-இல் வியன்னாவுக்கு வந்தவர். முதலில் மெல்லிய மரப் பட்டைகளைப் பசையிட்டு அடுக்கி வளைத்தார். கப்பலில் ஈர நாடுகளுக்குப் போன பொருள்களில் பசை நிற்கவில்லை. ஆகவே முழு மரக் கோலையே வளைக்க முயன்றார்.

அதில் உள்ள சிக்கலைச் சிறு கணக்கால் காட்டலாம். இருக்கையின் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். வெளி ஆரம் 20 செ.மீ., கோலின் தடிப்பு 3 செ.மீ. என்று கொள்க. கோலை வளைக்கும்போது அதன் நடுக்கோடு நீளம் மாறாமல் இருந்தால், வெளிப்பக்கம் நீள வேண்டும். உட்பக்கம் சுருங்க வேண்டும். நடுக்கோட்டின் ஆரம் 18.5 செ.மீ. எனவே வெளிப்பக்க நார்கள் ஏறத்தாழ 8 சதவீதம் நீள வேண்டும். நீராவியில் பதமாக்கிய பீச் மரமும்கூட ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நீளாது, கிழிந்துவிடும். ஆனால் அதே பதமான மரத்தை நெருக்கினால் இருபது சதவீதமும் அதற்கு மேலும் சுருங்கும். நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடுவதே காரணம். சுருக்கமாக, நனைந்து வெந்த மரம் அழுத்தத்துக்கு இணங்கும், இழுப்புக்கு இணங்காது.

தோனெட் செய்தது இதுதான். வளைவின் வெளிப்பக்கத்தில் ஓர் எஃகுப் பட்டையை வைத்து, கோலின் இரு முனைகளையும் அதோடு இறுக்கிப் பிடித்தார். எஃகு நீளாது. ஆதலால் வெளி நாரும் நீள முடியாது. நீளம் மாறாத கோடு நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது. இப்போது மரம் முழுவதும் சுருங்க மட்டுமே வேண்டும். நம் கணக்கில் உட்பக்கம் 15 சதவீதம். மரம் உடன்பட்டது! இரும்பு அச்சில் பூட்டி உலர்த்தினால் வளைவு நிலைத்துவிடும். கல்லூரியில் வளைவுச் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கிய நமக்கு, அதை எழுதாமலே கையால் கண்ட மனிதரை வணங்கத் தோன்றுகிறது.

1856-இல் இதற்கு அரசின் தனியுரிமை கிடைத்தது. மொராவியாவின் பீச் காடுகளை ஒட்டித் தொழிற்சாலைகள் எழுந்தன. 1859-இன் பதினான்காம் எண்ணில் மரத் துண்டுகள் ஆறு, திருகாணிகள் பத்து, நட்டுகள் இரண்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொள்ளலாம். 1930-க்குள் ஐந்து கோடி விற்றதாகக் கணக்கு. அதில் அலங்காரம் ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்த்தேன். வளைவே அலங்காரம், வளைவே தாங்கும் உறுப்பு. பிரித்தெடுக்க முடியவில்லை.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? தோனெட் வென்றார், ஹாப்மன் தோற்றார் என்று எழுதிவிடலாமா? முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு அந்த 1905 அறிக்கை குறுக்கே வந்து நின்றது. தொழிற்சாலைகள் மொராவியாவின் சிற்றூர்ப் பகுதிகளுக்குப் போனது பீச் மரத்துக்காக மட்டும் அன்று. அங்கே கூலியும் குறைவு. வேலை சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் வளைப்பார், ஒருவர் தேய்ப்பார். பெண்கள் பிரம்பு பின்னுவர், மெருகிடுவர். முழு நாற்காலியைச் செய்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மலிவு தொழிலாளியின் செலவில் கிடைக்கிறது என்ற குற்றச்சாட்டு இந்த வாசலிலும் செல்லும். வாங்குபவனுக்கு நீதி செய்த பொருள் செய்பவனுக்கு அதே அளவு நீதி செய்யவில்லை. பட்டறையில் நிலைமை தலைகீழ்.

இரண்டுக்கும் நடுவே வழியே இல்லையா என்றால், சில இடங்களில் இருந்தது. தோனெட்டின் போட்டியாளரான யாக்கோப் அண்டு யோசப் கோன் கம்பெனிக்கு ஹாப்மன் நாற்காலிகள் வரைந்து கொடுத்தார். புர்க்கர்ஸ்டார்ப் உணவுக் கூடத்து நாற்காலியில் காலும் இருக்கையும் சேரும் மூலையில் ஒரு சிறு மர உருண்டை இருக்கும். பார்வைக்கு நகை, வேலையில் அது மூலையை ஆட்டங்காணாமல் பிடிக்கும் முட்டு. லூசும் 1899-இல் தாம் அமைத்த காப்பிக்கடைக்கு இதே கோன் கம்பெனியில்தான் வளைமர நாற்காலி செய்வித்தார். மேடையில் வாய்ச்சண்டை, தொழிற்சாலை வாசலில் இருவரும் ஒரே வரிசை!

இவர்கள் இருவருக்கும் மூத்தவரான ஒட்டோ வாக்னரின் அஞ்சல் சேமிப்பு வங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாப்மன் இவரிடம் பயின்றவர். சிறு தொகை சேமிக்கும் எளியவர்களுக்காக ஏற்பட்ட வங்கிக்கு 1904-க்கும் 1906-க்கும் இடையே வாக்னர் கட்டடம் எழுப்பினார். கூடத்தின் மேலே கண்ணாடிக் கூரை. தரையிலும் கண்ணாடிக் கட்டிகள், கீழ்த்தளத்துக்கு ஒளி இறங்குவதற்காக. வெப்பக் காற்று வரும் தூண்கள் அலுமினியத்தால் ஆனவை. மின்னாற்பகுப்பு முறையில் அலுமினியம் எடுக்கும் வழி 1886-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நினைத்தால் அது எவ்வளவு புதிய உலோகம் என்பது விளங்கும். வெளிச்சுவரில் பளிங்குப் பலகைகளை அலுமினியத் தொப்பியிட்ட போல்ட்டுகள் பிடித்திருப்பது போல் வரிசையாகத் தெரியும். உண்மையில் பலகைகளைத் தாங்குவது பெரும்பாலும் பின்னால் உள்ள சாந்துதான். நேர்மையின் சின்னமாகப் பாடநூல்கள் புகழும் அந்த போல்ட்டுகளும் சற்று நடிக்கத்தான் செய்கின்றன. எனக்கு அதனால் அவர்மீது மதிப்புக் குறையவில்லை. ஸ்டோக்லேயின் உணவறைக்குள் நாம் நுழைய முடியாது. இந்தக் கூடத்துக்குள் சில காசுகளோடு ஒரு வேலைக்காரப் பெண் நுழைய முடிந்தது.

1918-இல் கிளிம்ட், வாக்னர், மோசர், ஷீலெ ஆகிய நால்வரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். பேரரசும் அவ்வாண்டே மறைந்தது. பட்டறை மட்டும் புதிய செல்வர் ஒருவரின் துணையால் தொடர்ந்தது. போர்க்காலம் முதல் வாலி வீசெல்தியர், மதில்டே பிளோகல், மரியா லிக்கார்ஸ் போன்ற பெண்கள் பலர் அங்கே மண்பாண்டமும் துணியும் வரைந்தனர். பெண்களின் கைவேலை என்று அதைப் பழித்த ஆண்களும் இருந்தனர். அந்தத் துணிகளின் படங்களைப் பார்த்தவர்கள் யார் பக்கம் சேர்வது என்று தயங்க மாட்டார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது தாங்கவில்லை. 1932-இல் பட்டறை மூடப்பட்டது. மீந்த சரக்கு ஏலத்துக்குப் போனது.

வெள்ளிக் கூடைகளின் அடியிலுள்ள அந்தச் சிறு முத்திரைகளை ஆராய்ச்சியாளர்கள் ஏடுகளோடு ஒப்பிட்டு யார் யாருடையவை என்று கண்டிருக்கிறார்கள். யோசப் ஹோஸ்பெல்ட், கார்ல் காலெர்ட், கொன்ராட் கோக், ஆய்கன் ப்ளாவ்மர். வெள்ளியும் உலோகமும் தட்டிய தொழிலாளிகள் அவர்கள். இரானி ஓட்டல் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருக்கையின் உள்வளையத்தில் கம்பெனியின் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. வேறு பெயர் எதுவும் இல்லை.